புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பழைய உலோகச் சிலைகளைப் புளி போட்டுத் தேய்த்தால் விலை கூடும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, சேகரிக்கிற பொருளுக்கு வேண்டாம். சேலத்தில் ஒரு பழைய சாமான் கடையில், ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் இருந்து வந்தது என்று நாய் உருவம் வைத்த சிகரெட் சாம்பல் கிண்ணம் ஒன்றை வாங்கினேன். வெண்கலமாம். வீட்டில் தேய்த்ததும் மேல்பூச்சு போய், சாம்பல் நிறத் துத்தநாகம் பல்லைக் காட்டியது. காந்தம் ஒட்டவில்லையே என்று நம்பியதுதான் தப்பு; துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளையோ வெண்கலமோ, வெளுத்துத் தெரிந்தால் பேரத்தைக் குறையுங்கள். அப்புறம், தாத்தாவின் பித்தளைப் பொடி டப்பியை மட்டும் நான் தேய்க்கவே இல்லை. மூடியைத் திறந்தால் இன்றும் தும்மல் வருகிறது.