அடுக்கு இல்லை என்றால் எதுவும் படியவில்லை என்று அர்த்தமா?

"கிரிட்டேசியஸ் காலப் பாறையில் இடைவெளி இருந்தால் (அதாவது ஒரு காலத்துக்குரிய அடுக்குகளே இல்லையென்றால்), அப்போது கடல் வற்றி அங்கே எதுவுமே படியவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி முடிவுகட்ட முடியாது. படிந்தது பிறகு அரிக்கப்பட்டும் போயிருக்கலாம்.

கிரிட்டேசியஸ் (14.5 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை) கோண்டுவானா என்ற தென்பகுதிப் பெருங்கண்டம் உடைந்து விலகிக்கொண்டிருந்த காலம். பூமியின் மேலோடு இழுபட்டுப் பிளந்தால் ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும், மறுபக்கம் இறங்கும். உயர்ந்த பக்கத்தில் இருந்த அடுக்குகளை மழையும் ஆறும் அரித்து, பக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். அதனால்தான் ஒரே படுகையில் ஓரிடத்தில் பெரிய இடைவெளியும், கொஞ்சம் தள்ளி ஏறக்குறைய முழு வரிசையும் கிடைக்கிறது. கடல்மட்டம் இறங்கியது மட்டுமே இந்த வித்தியாசத்தை விளக்காது.

பாறை முகப்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீழடுக்குகள் சாய்ந்திருக்க, அவற்றின் வெட்டுண்ட முனைகள்மேல் மேலடுக்கு கிடையாகப் படுத்திருந்தால், இடைப்பட்ட காலத்தில் நிலம் அசைந்திருக்கிறது. கடல் பின்வாங்குவதால் பாறை சாயாது! அந்த எல்லையில் கூழாங்கற்கள் இருந்து, அவற்றுக்குள் கீழடுக்கின் தொல்லுயிர் எச்சங்களும் தென்பட்டால், அரிப்பு நடந்ததற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இடைவெளிக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகள் இணையாகவே இருந்தால்தான் சிக்கல். அங்கே பெரும்பாலும் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி) போன்ற எச்சங்களின் வரிசையை வைத்துத்தான் எவ்வளவு காலம் விடுபட்டது என்று கணக்கிட முடியும்.