அக்காவுக்குப் பரீட்சை, எனக்கு விலக்கு

2025 செப்டம்பர் 1ஆம் தேதி, டீச்சர்களுக்கான தகுதித் தேர்வு (டெட்) பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று, அக்காவுக்கு வயசு 53, எனக்கு 52. அக்கா பொள்ளாச்சிப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர். நான் கல்யாணமாகி கேரளத்துப் பக்கம் வந்து, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில், அதாவது ஆரம்பப் பள்ளியில், டீச்சர். ரெண்டு பேருமே 1999இல் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நடுவில் இருப்பது கோபாலபுரம் செக்போஸ்ட்.

ஓய்வுபெற அஞ்சு வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் ரெண்டு வருஷத்துக்குள் டெட் பாஸாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. அஞ்சு வருஷத்துக்குள் இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. இதுதான் தீர்ப்பு.

இப்போ கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் ஓய்வு வயசு 60. கேரளத்தில் எங்கள் காலத்து ஆட்களுக்கு 56. அக்காவுக்கு மீதி ஏழு வருஷம், அதனால் பரீட்சை. எனக்கு நாலு வருஷம், அதனால் விலக்கு. என்னைவிட ஒரு வயசு மூத்தவள் கைடு வாங்கிப் படிக்கிறாள், நான் சீரியல் பார்க்கிறேன். எங்களில் யார் நல்லாப் பாடம் நடத்துகிறார் என்று யாரும் கேட்கவே இல்லை. (கேட்டிருந்தால் அக்காதான். எழுதத் தெரியாமல் வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு 'அ' போடக் கைபிடித்தவள்.)

இன்னொன்று. டெட் சான்றிதழுக்கு முதலில் ஏழு வருஷம்தான் ஆயுள் என்று வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் அதை ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றினார்கள், 2011இலிருந்தே கணக்கில் வருகிற மாதிரி. வேலை கிடைக்காமல் காத்திருந்த பிள்ளைகளுக்கு அது நியாயம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் 2012இல் பாஸ் பண்ணிவிட்டு ஒரு நாள்கூட வகுப்புக்குள் போகாதவருடைய தகுதி சாகும்வரை செல்லும். தினமும் வகுப்பில் நின்றவளுடையது காலாவதி. இது எந்த ஊர் நியாயம்?

டீச்சர்களைச் சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தைத் தொட்டே வருஷக்கணக்காகிற ஆட்களை எனக்கும் தெரியும். நானே அக்காவின் கைடைப் புரட்டியபோது பியாஜே, வைகாட்ஸ்கி என்ற குழந்தை மனவியல் அறிஞர்களின் பக்கத்தில் முழித்தேன். ஆனால் 150 கேள்விக்கு விடையைக் கறுப்பாக்குவது உள்ளே வருகிறவர்களுக்கான வாசல். உள்ளே இருபத்தாறு வருஷம் இருந்தவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வகுப்புக்கு வந்து பின் பெஞ்சில் உட்காருங்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வாருங்கள், எனக்கும் சேர்த்து. விலக்கு வேண்டாம்.

அதற்கு முன்னால் பயிற்சியை ஒழுங்காகக் கொடுங்கள். நான் கலந்துகொண்ட மே மாத கோர்ஸிலும், பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கூடும் சனிக்கிழமை கிளஸ்டர் பயிற்சியிலும் பேச்சு முழுக்க மலையாளம், கையில் கொடுக்கிற மாட்யூலும் மலையாளம். நாங்கள் நாலு தமிழ் டீச்சர்கள் மத்தியானச் சோறு முடிந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, எங்களுக்குள் தமிழாக்கி எழுதிக்கொள்வோம். என் தகுதி இத்தனை வருஷம் செத்துப்போகாமல் இருந்தது அந்த மூலையில்தான்.

அக்காவிடம் போனில் இதையெல்லாம் பொரிந்து தள்ளினேன். "பியாஜே சொன்னதைப் படிச்சுட்டுப் போனா, ஒண்ணாங்கிளாஸ் பொடிசு அழாம இருக்குமாக்கும்? போ கண்ணு, வேலையைப் பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். சூழ்நிலையியல் முப்பது கேள்வியும் நான் கேட்க வேண்டுமாம். கணக்கை மாமா பார்த்துக்கொள்வாராம்.