மலைப் பிள்ளைகளுக்கு வீடியோ போதுமாம்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளும் இயற்பியல் சோதனையைத் தாங்களே செய்ய ஒரு வழி வேண்டும் என்று கேட்டோம். "மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல், சோதனையை வீடியோ எடுத்து அனுப்பினால் போதாதா" என்று ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார். அதற்குக் கைதட்டல் வேறு.

போதாதுங்க. வீடியோவில் சோதனையைச் செய்வது வேறு யாரோ, பிள்ளை வேடிக்கைதான் பார்க்கிறது. நாங்கள் கேட்டது, சேலத்தில் இருக்கும் நிஜக் கருவியை ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் பிள்ளை செல்போனிலிருந்து இயக்க வேண்டும் என்று. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கான் டையோடில் 0.5 வோல்ட் வரை, மின்னோட்டத்தை அளக்கும் மில்லிஅம்மீட்டரின் முள் அசையாமல் கிடக்கும், 0.7ஐ நெருங்கும்போது சட்டென்று எகிறும். அந்த எகிறல் அவள் விரலால் நடக்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் 1998லேயே டிரான்சிஸ்டரை இணையம் வழியாக அளந்தார்கள். நம் ஒன்றிய அரசின் இணையவழி ஆய்வகத் திட்டமான விர்ச்சுவல் லேப்ஸிலும் தூரத்திலிருந்து இயக்கும் சோதனைகள் உண்டு. இதற்கு வேண்டிய, கருவியை இணையத்தோடு இணைக்கும் இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு சில நூறு ரூபாய்தான்.

"மேலே சிக்னல் இருக்காதே" என்பார்கள். சரி, உங்கள் வீடியோ மட்டும் எதில் ஏறி வரும்? மீட்டர் ரீடிங் என்பது இரண்டு எண்கள், தத்தித் தத்தி வரும் சிக்னலிலும் போய்விடும்.

"ஒழுங்கான லேப் கேட்காமல் அரசாங்கத்தைத் தப்ப விடுகிறாய்" என்று ஒரு நண்பர். கட்டட்டும், யார் வேண்டாம் என்றது? இந்த வருடம் பிளஸ் டூ படிக்கிறவள் அதுவரை என்ன செய்வாள், அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், லேப் இருந்தால் மட்டும் போதுமா? நான் சேலம் டவுனுக்குள் லேப் இருந்த பள்ளியில்தான் படித்தேன். ஒரு மேஜையைச் சுற்றி கும்பலாக நிற்போம், நன்றாகப் படிக்கிறவன் கருவியைத் தொடுவான், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் அவன் ரீடிங்கைக் காப்பி அடிப்போம். நான் மல்டிமீட்டரைத் தொட்டதே ரிப்பேர் கடைக்கு வேலைக்குப் போன பிறகுதான். அது இன்னும் உறுத்துகிறது.

இதே பெரியவரின் பேரன் காசு கட்டி ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கு வீடியோ போதும் என்று சொல்லிப் பாருங்களேன்.

மலை நமக்கும் கற்றுத்தரும். கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே ஒரு சென்சாரைப் போட்டால், 100 டிகிரி என்று மனப்பாடம் செய்த டவுன் பிள்ளைகள் கீழேயிருந்தே பார்க்கலாம். அடுப்பைப் பற்றவைத்துப் பாடம் நடத்துவது மலைப் பிள்ளையாக இருக்கட்டும்.

யாரிடமாவது பழைய மில்லிஅம்மீட்டர் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். அறிவுரை வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய ஸ்டாக் இருக்கிறது.