எழவுப் பாட்டு

விளக்கு வைக்கிற நேரத்தில் ரெக்வியம் போட்டால் எங்கள் வீட்டில் ஒரே வசனம்தான்: "எழவுப் பாட்ட நிறுத்துடா." அம்மாவுக்கு லத்தீன் தெரியாது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். தப்பும் இல்லை. இறந்தவர்களுக்கான திருப்பலியில், அதாவது கத்தோலிக்கர்களின் பூசையில், பாடுவதற்காக உருவான லத்தீன் பாட்டுத் தொகுப்புதான் ரெக்வியம். கல்லறைத் திருநாளன்று எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பி.பள்ளிப்பட்டி பக்கம் போனவர்கள் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்" என்று கேட்டிருப்பீர்கள். அதே வரியில்தான் இதுவும் தொடங்கும்.

நான் பாலக்கோட்டுக்காரன். எங்கள் வீட்டில் குலசாமி திரௌபதி அம்மன். வேலை ஓசூரில். கூட வேலை பார்க்கும் நண்பர் இழுத்துப்போனதில் ஞாயிறுதோறும் பெங்களூரில் ஒரு பாடற்குழுவில் பேஸ் பாடுகிறேன், அதாவது அடிக்குரல். இந்த வருஷம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியம். பாரிஸில் 1888இல் முதலில் பாடப்பட்டது.

முதல் பக்கத்தில் நாலு குரலும் ஒன்றாக, கிசுகிசுப்பது போல, "ரெக்வியம்" என்ற ஒரே சொல்லை எடுக்க வேண்டும். சத்தமாகப் பாடுவது சுலபம். நாற்பது பேர் சேர்ந்து மெதுவாகப் பாடிப் பாருங்கள், தெரியும். நீண்ட சுரங்களில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் பக்கத்து ஆளோடு பேசிவைத்து, ஆளுக்கொரு இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வோம். நான் நிறுத்தும்போது அவர் பாடுவார்.

போன வருஷம் அப்பா போனார். ஒப்பாரியில் அத்தைகள் அவர் பெயரைச் சொல்லி, அவர் உழுத கொல்லையைச் சொல்லி அழுதார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். கர்ணன் மனைவி பொன்னுருவி புலம்பும் இடத்தில் பந்தலே அழுதது. அம்மா கர்ணனுக்கா அழுதார்? நானும் அங்கேதான் உடைந்தேன்.

என்னைக் கேட்டால், ரெக்வியம் ஒப்பாரிக்கு உறவில்லை, கூத்துக்குத்தான் உறவு. ஒப்பாரியில் செத்தவர் பெயர் இருக்கும். ரெக்வியத்தில் "அவர்களுக்கு" என்று மட்டும்தான் இருக்கும். அந்தக் காலி இடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். ரெக்வியம் எழுதிய இன்னொரு இசையமைப்பாளர் பிராம்ஸ் ஒருபடி மேலே போய், லத்தீன் திருப்பலியையே விட்டுவிட்டு, துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் ஜெர்மன் பைபிள் வசனத்தில் தொடங்கினார். இத்தாலிக்காரர் வெர்டி வேறு ரகம், தன் ரெக்வியத்தில் கடவுள் தீர்ப்பு சொல்லும் நாளுக்குப் பெரிய டிரம்மைப் போட்டு அடிப்பார். நம்ம ஊர்ப் பறைக்குப் பழகிய காதுக்கு அது உடனே பிடித்துவிடும். மொசார்ட்டின் ரெக்வியத்தில் வரும் 'லாக்ரிமோசா' என்ற பகுதி ரீல்ஸில் படாத பாடு படுகிறது. அவர் எழுதியது அதில் முதல் எட்டு தாளக் கட்டங்கள்தான், 1791இல் இறந்துபோனார். மீதியைச் சீடர் சூஸ்மாயர் முடித்தார்.

ஃபோரே அந்தத் தீர்ப்பு நாள் பயமுறுத்தலைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். அதனாலேயே எனக்கு அவர் பக்கம் சாய்வு. கடைசிப் பகுதி சொர்க்கத்துக்கு வழியனுப்புவது. அதைப் பெரும்பாலும் சோப்ரானோ, அதாவது உச்சக்குரல் பெண்கள்தான் பாடுவார்கள், நாங்கள் "ஜெருசலேம்" வரும்போதுதான் சேருவோம். அதுவரை தாளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்று கேட்கலாம். அப்பா ஞாபகம் வருவது அங்கேதான். வந்தால் விரலில் எண்ணிக்கொண்டே நிற்கிறேன், இடத்தைத் தவறவிட்டால் பக்கத்து ஆள் முறைப்பார்.