"கையில் கத்தி இருந்ததே" என்பவர்களுக்கு

நேற்று எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்கப் போலீசார் ஆட்டிசம் உள்ள ஒரு பையனைச் சுட்ட வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதுகிறார்: "பையன் கையில் கத்தி இருந்ததே, போலீஸ் வேறென்ன செய்யும்?" அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

12 நொடி. போலீசார் காரை விட்டு இறங்கிச் சுடும்வரை ஏறக்குறைய அவ்வளவுதான். ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ நகரில் விக்டர் பெரெஸுக்கு வயது 17. ஆட்டிசம், பெருமூளை வாதம், பேச்சும் வராது. அவன் வீட்டு முற்றத்தில் இருந்தான், போலீசார் கம்பி வேலிக்கு வெளியே. 2025 ஏப்ரல் 5ஆம் தேதி சுட்டார்கள், 12ஆம் தேதி போய்விட்டான்.

என் மகனுக்கும் ஆட்டிசம்தான். அவனுக்கு நான்கு வயதில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொன்னார்: "ஒன்று கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நடுவில் மறுபடி கேட்காதீர்கள்." இன்று அவனுக்கு 15. இன்னும் எண்ணுகிறேன். "சாப்பிடலாமா கண்ணா?" என்றால் ஏழில் தலை திரும்பும், பத்தில் உதடு அசையும். கத்தியைப் போடு என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் அவனுக்கு எத்தனை எண்ண வேண்டும்?

போலீஸ்காரருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். நடுவில் வேலி இருந்தது. நாலடி பின்னால் போயிருக்கலாம்.

சரி, கத்தியே இல்லையென்றால்? 2016இல் வடக்கு மியாமியில் ஆட்டிசம் உள்ள ஒருவர் பொம்மை லாரியோடு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட சார்லஸ் கின்சி என்ற கறுப்பினத்தவர், மல்லாந்து படுத்து இரண்டு கையையும் தூக்கி, அது பொம்மை என்று போலீசிடம் கத்தினார். போலீஸ் குண்டு கின்சியின் காலில் பாய்ந்தது.

"அதெல்லாம் நம்மவர்களுக்கு நடக்காது" என்று இன்னொரு அண்ணன். 2015இல் அலபாமாவில் பேரனைப் பார்க்க வந்த குஜராத்திப் பெரியவர் சுரேஷ்பாய் படேல் ஞாபகம் இருக்கிறதா அண்ணா? தெருவில் நடந்துகொண்டிருந்தவரைக் கறுப்பர் என்று நினைத்துப் பக்கத்தில் யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். அவருக்கு ஆங்கிலம் புரியவில்லை. போலீஸ்காரர் தரையில் அடித்ததில் உடலில் ஒரு பகுதி செயலிழந்துபோனது. என் மகனுக்கும் அப்படித்தான், சொல்வது உடனே புரியாது. ஆறு வயதில் அவன் கையை உதறிக் குதித்தால் பூங்காவில் சிரித்தார்கள். இப்போது அப்பாவைவிட உயரம், மீசை வேறு. பார்த்ததும் ஒதுங்குகிறார்கள்.

அவனிடம் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் உண்டு. மதுரையில் தாத்தா கொடுத்தது. வெயிலில் பிடித்துச் சுழற்றி அந்த மினுக்கைப் பார்த்துக்கொண்டே நடப்பான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது என்னவாகத் தெரியும்?

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது அதைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்தேன். கதவருகே நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தான். பேருந்து போன பிறகும் நீட்டியபடியே நின்றான்.