ராஜா காலத்துப் பாலத்தைச் சிமென்டில் புதைக்கிறார்கள்

பழுதுபார்க்கிறோம் என்று மறுபடியும் பாலத்தை அடைத்துவிட்டார்கள். மார்த்தாண்டம் போகிற வழியில் பாசனச் சானலுக்கு மேலே நிற்கும் எங்கள் ஊர்க் கல்பாலம்தான். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கட்டியது. 1956-ல் எங்கள் குமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் இந்தப் பாலம் எந்தத் துறையின் பிள்ளை என்பது இன்றுவரை முடிவாகவில்லை. மேலே ரோடு ஒருவருக்கு, கீழே தண்ணீர் இன்னொருவருக்கு, நடுவில் இருக்கிற கல்லுக்கு நாதியில்லை.

அடைத்த நேரத்தைப் பாருங்கள், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கப் போகிற வாரம்! குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அணையை அடைத்து, சானல் காய்ந்து கிடந்த பங்குனி சித்திரையில் ஒருத்தரையும் இந்தப் பக்கம் காணவில்லை. இப்போது ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே ஊரைச் சுற்றிப் போகிறார்கள். ஏத்தன் வாழைக்குலை ஏற்றின ஆட்டோவுக்கு வாடகை கூடிவிட்டது.

சரி, வேலையாவது ஒழுங்காக நடக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். வயிறு எரிந்தது. கல் இடுக்கில் இருக்கிற பழைய சுண்ணாம்பைக் கம்பியால் நோண்டி எடுத்துவிட்டுச் சிமென்ட் கலவையை அப்புகிறார்கள். இது கல் வளைவுப் பாலம். வளைவுப் பாலம் இரும்புக் கம்பியை நம்பி நிற்பது கிடையாது. மேலே ஏறும் பாரம் கல்லைக் கல்லோடு இறுக்கி, அப்படியே இரண்டு கரைக்கும் இறங்கிவிடும். வளைவுக்கு மேலே, இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் நிரப்பியிருப்பது மண்ணும் சல்லியும். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கருங்கல் வழியாக அது வெளியே வராது, இடுக்கு வழியாகத்தான் வரவேண்டும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை விட்டுக்கொடுக்கும், பாரம் ஏறினால் கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். சிமென்ட் இரண்டையும் செய்யாது. உள்ளே தேங்குகிற தண்ணீர் பக்கச் சுவரை வெளியே தள்ளும். போன தடவை பூசின இடத்தைப் பாருங்கள், சுவர் தொப்பை போட்ட மாதிரி பிதுங்கி நிற்கிறது.

மேற்பார்வைக்கு வந்தவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, எஸ்டிமேட்டில் சுண்ணாம்பே கிடையாது, நான் என்ன செய்ய?" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. எஸ்டிமேட் போட்டவர் இந்தப் பாலத்தின் அடியில் ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருப்பாரா? சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்காது என்று வேறு சொல்கிறார்கள். கருங்கல்லில் சிலை வடிக்கிற மயிலாடி இதே ஜில்லாவில்தான் இருக்கிறது. சாந்தில் சேர்க்கிற கருப்பட்டிக்கும் இங்கே பஞ்சமில்லை. தேடினால்தானே ஆள் கிடைக்கும்!

இன்னொரு கூத்து, இடுக்கில் முளைத்த அரசங்கன்று. வேரை எடுக்காமல் தலையை மட்டும் வெட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்கு அது இன்னும் தடித்துத் துளிர்க்கும், வேர் கல்லைப் பிளக்கும். மேலே தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் வடிவதற்கு அந்தக் காலத்தில் வைத்த ஓட்டைகள் எல்லாம் தாருக்கு அடியில். மாட்டுவண்டிக்குக் கட்டின பாலத்தில் ராத்திரியானால் கேரளாவுக்குப் பாறை ஏற்றின டாரஸ் என்கிற பெரிய லாரிகள் வரிசை கட்டுகின்றன. அவற்றைத் தடுக்க ஆளில்லை, ஸ்கூட்டரைத் தடுக்க மட்டும் தகர டிரம் வைத்திருக்கிறார்கள்.

கன்னியாகுமரியில் கடலுக்கு நடுவே 37 கோடி ரூபாயில் 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் கட்டி, 2024 டிசம்பரில் திறந்தார்கள். நல்லதுதான், நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நடந்துவிட்டு வந்தேன். ஜனங்கள் தினமும் கடக்கிற பாலத்தில் அடைபட்ட ஓட்டையைத் திறந்துவிடக் காசில்லையா?

இனி நடக்கப் போவது எல்லாருக்கும் தெரியும். சிமென்ட் வெடிக்கும், சுவர் சரியும், பாலம் பலமிழந்துவிட்டது என்று ஓர் அறிக்கை வரும், அப்புறம் இடித்துவிட்டுக் கான்கிரீட் போட டெண்டர் வரும். இடித்த கல்லை யார் அள்ளிக்கொண்டு போவது என்று டீக்கடையில் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.