பெண்ணுக்குத்தான் பயந்தோம்

ஜூலை பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். டல்லாஸைச் சுற்றி இருக்கும் தமிழ் அம்மாக்கள். "அக்கா, உங்க பொண்ணு அந்த சொராரிட்டியில இருந்தாளே, எங்க வீட்டுதும் சேரணுங்குது, விடலாமா?" நாலு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒருத்தர்கூட "பையன் ஃபிரட்டர்னிட்டியில சேரப்போறான், என்ன பாக்கணும்?" என்று கேட்டதில்லை. என் பையன் சேர்ந்தபோது நானும் யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஊரில் இருப்பவர்களுக்காக: இங்கே கல்லூரிகளில் இரண்டு மூன்று கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்துக்கொண்ட சங்கங்கள் உண்டு. பெண்களுடையது சொராரிட்டி, ஆண்களுடையது ஃபிரட்டர்னிட்டி. பல இடங்களில் சொந்த வீடே இருக்கும், சமையல்காரரோடு. ஆட்கள் எடுக்கும் வாரத்துக்கு ரஷ் என்று பெயர்.

மகள் படித்தது டெக்சாஸிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகம். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்ட் வெயிலில் ஒரு வாரம் ரஷ். ஹீல்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்போடு ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு நடப்பார்கள். கதவு திறந்ததும் உள்ளே அடுக்கடுக்காக நிற்கிற பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் ஐந்து நிமிஷம் பேசுவாள். இன்னொருத்தி வந்து அவளை எழுப்பிவிட்டு உட்காருவாள். எந்த ஊர், என்ன மேஜர், உங்க நாய் பேர் என்ன. எங்கள் வீட்டில் நாய் கிடையாது. மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் மகள் அவள் அத்தை வீட்டு நாயைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள்.

திருச்சியிலிருந்து என் அம்மா வீடியோ காலில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொண்ணு பாக்குறதுதானேடி இது, சொஜ்ஜிதான் இல்ல" என்றார். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பொய்க்காவது ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். இங்கே காரணமே சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பெண்கள் தங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், வீடுகளும் ஒரு பட்டியல் கொடுக்கும், கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து அடுத்த சுற்றுக்கு முன்னால் போனுக்கு லிஸ்ட் அனுப்பும். மூன்றாம் நாள் காலை மகளுக்குப் பன்னிரண்டு வீட்டில் நாலுதான் மிச்சம். ரூம்மேட்டுக்குக் கேட்கக் கூடாதென்று ஷவரைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமிலிருந்து பேசினாள். "நான் என்னம்மா தப்பா பேசினேன்?"

நான் செய்த மடத்தனம், உடனே விசாரணையை ஆரம்பித்தது. எந்த வீட்டில், யாரிடம், என்ன சொன்னே. அவள் அழுகை கூடியதுதான் மிச்சம். பிறகுதான் தெரிந்தது, இதில் பாதி வெறும் கணக்கு. போன வருஷங்களில் எந்த வீடு கூப்பிட்டதும் பெண்கள் திரும்பி வந்தார்களோ, அந்த வீடு ஆரம்பத்திலேயே நிறையப் பேரைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் எல்லாரும் கடைசி நாள்வரை அதே இரண்டு வீட்டையே நம்பிக் காத்திருந்து ஏமாறுவார்கள். அதனால் பேர்பெற்ற வீடு இரண்டாம் நாளே வேண்டாம் என்றால் உங்கள் பெண்ணிடம் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை ரஷ்ஷுக்கு முந்தின வாரமே அவளுக்குச் சொல்லிவையுங்கள். அழும்போது சொன்னால் காதில் ஏறாது.

இன்னொன்று கையெழுத்து. கடைசிச் சுற்றில் பெரும்பாலும் இரண்டு வீடு இருக்கும். அது முடிந்ததும் ஒரு ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எழுதிய வீட்டிலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்தால், அந்தக் கல்லூரியில் இந்த ரஷ்ஷில் கலந்துகொள்ளும் வேறெந்த வீட்டிலும் அடுத்த வருஷ ரஷ்வரை சேர முடியாது. மனசுக்கு ஒப்பாத வீட்டை மரியாதைக்காக எழுதக் கூடாது. ஒரே வீட்டை மட்டும் எழுதினால், அது கிடைக்காமல் வெறுங்கையோடு நிற்க நேரலாம்.

பணம்: எழுத்துமூலமாக வாங்குங்கள். தேசியக் கட்டணம், உள்ளூர்க் கட்டணம், பேட்ஜ், நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி டீ-ஷர்ட், வீட்டில் தங்காதவர்களுக்கும் ஒரு கட்டணம். இரண்டாம் வருஷம் வீட்டில் தங்கியே ஆகவேண்டுமா என்பதையும் கேளுங்கள், அப்புறம் வெளியே அபார்ட்மென்டுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு முழிக்க வேண்டாம். எங்களுக்கு முதல் வருஷம் மூவாயிரம் டாலரை நெருங்கியது.

இந்தப் பெரிய ரஷ்ஷில் எல்லாச் சங்கமும் அடங்கிவிடாது. கமலா ஹாரிஸ் சேர்ந்த ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கியது. 1998இல் ஆஸ்டினில் தெற்காசியப் பெண்கள் தொடங்கிய காப்பா ஃபை காமா இருக்கிறது. அவர்கள் ஆள் எடுக்கும் முறையே வேறு.

மகளுக்கு நல்லபடியாகத்தான் முடிந்தது. அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்த அன்று நாங்கள் நாலு மணிநேரம் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் ஆறு பேர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எதற்கெல்லாம் பயந்தோமோ, உடை, பாய்ஃபிரண்ட், குடி என்று, அதையெல்லாம் அவள் வாயிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டோம். சொராரிட்டி வீடுகளில் பெரும்பாலும் மதுவுக்கு அனுமதி கிடையாது. பார்ட்டி நடப்பது பையன்கள் வீட்டில்.

அந்தப் பையன்கள் வீட்டுக்குத்தான் இரண்டு வருஷம் கழித்து என் மகன் போனான், வேறொரு கல்லூரியில். இந்தியப் பையன்கள் நடத்தும் ஃபிரட்டர்னிட்டி. "நம்ம பசங்கதாம்மா" என்றான். இவர் சந்தோஷப்பட்டார், வேலைக்கு நாளைக்கு உதவும் என்று. மகளுக்கு எக்ஸெல் ஷீட் போட்டு விசாரித்த மனுஷன், மகனுக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும்தான்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு 19 வயதுப் பையன், ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்த அன்று இரவே, வரிசையாகக் குடிக்கவைக்கப்பட்டு மாடிப்படியில் விழுந்தான். சுமார் 12 மணிநேரம் கழித்துத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். பிழைக்கவில்லை. நம்ம பசங்க என்று நினைப்பவர்களுக்கு: 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பாருக் கல்லூரி முதல் வருஷ மாணவன் ஒருவனை ஆசிய அமெரிக்கப் பையன்களின் சங்கம் பென்சில்வேனியாவில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போனது. கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டையோடு நடக்கவிட்டு, ஆள்மாற்றி ஆள் இடித்துத் தள்ளினார்கள். அவனும் இறந்துபோனான். அந்தச் சங்கத்தையே குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அந்த மாநிலத்தில் 10 வருஷம் தடை போட்டார்கள்.

நமக்கு ராகிங் தெரியும். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசு கொலை செய்யப்பட்டான், 1997இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. ஆனால் ராகிங்கில் பையன் மாட்டிக்கொள்கிறான். இங்கே ஹேசிங் என்கிறார்கள், இதில் அவனே போய் என்னைச் சேர்த்துக்கொள் என்று நிற்கிறான். நிற்கிறவன் வீட்டில் வந்து புகார் சொல்வானா?

2024 டிசம்பர் 23 அன்று கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி, எந்தச் சங்கம் ஹேசிங் செய்து மாட்டியது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். பத்து நிமிஷ வேலை, தேடிப் படியுங்கள். அறிக்கையில் பெயர் இல்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள், மாட்டினால்தானே பெயர் வரும். மகனிடம் நேராகக் கேளுங்கள்: சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் எத்தனை வாரம் சோதிப்பார்கள், ராத்திரி எங்கே கூட்டிப்போவார்கள், போனை வாங்கி வைப்பார்களா?

நான் கேட்கவில்லை. அந்த அக்டோபரில் அவன் போன் பேசுவது குறைந்தது, பேசினாலும் கொட்டாவி. மிட்டெர்ம் பரீட்சை என்றான், நம்பினேன். நாலாவது வாரம் அவனே விட்டுவிட்டான். அது எங்களுக்குத் தெரிந்தது ஒரு வருஷம் கழித்து, அதுவும் அக்கா வழியாக. "அவன் மூணு வாரம் தூங்கவே இல்லம்மா, உனக்குத் தெரியாதா?" அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை.

போன மாதம் அவன் அறையை ஒழித்தபோது ஒரு சின்ன கறுப்பு நோட்டு கிடைத்தது. எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்வார்களாம். முதல் பக்கம் கிரேக்க எழுத்துகள். பிறகு சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயர்கள், மனப்பாடம் செய்ய. பிறகு சீனியர்களுக்கு ராத்திரி வாங்கிக் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல், யாருக்கு எந்த பர்கர், வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதுவரை. கடைசி அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால், சின்னதாக, என் செல் நம்பர். அவனுக்கு அது மனப்பாடமாகத் தெரியாது.